தேத்தண்ணி குடிக்காத வீட்டுச் சேதி

தலவாக்கலைப் பாலத்தைத் தாண்டி லிந்துலைப் பாதையில் கொஞ்ச தூரம் ஏறிய பிறகுதான், சாப்பாட்டுச் சீட்டு இன்னும் என் சட்டைப் பையில் இருப்பதைக் கவனித்தேன். விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த மஞ்சள் சீட்டு. அதைக் காட்டினால் கோழிக்கறியோடு சோறு. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. பின்னால் டவுனிலிருந்து, ஒலிபெருக்கியில் அவர் இருமுவது கேட்டுக்கொண்டே வந்தது. எண்பது வயது இருமல். அதற்கும் கை தட்டினார்கள்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் பெயரை ஊருக்குச் சொல்லிப் பிழைத்தவர் அவர். ஒரு இடத்திலாவது அவர் பெயர் இல்லாமல் இருக்கட்டும். என்னால் முடிந்த பழிவாங்கல் அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் இந்த மலையில் யார் எதைப் படித்தாலும், பார்த்தாலும், கேட்டாலும் அது அவருடையதாக இருந்தது. அச்சகம் அவருடையது. வாராவாரம் வந்த பத்திரிகை அவருடையது. இரண்டு சினிமா கொட்டகை, தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் படம் காட்டப் போன வேன், அந்த வேனின் மேலே கட்டிய ஒலிபெருக்கிக் கூம்பு, எல்லாம் அவருடையவை. அந்தக் கூம்பின் வழியாகப் பேசிய குரல் மட்டும் என்னுடையது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நுவரெலியாவில் கரட் கழுவினேன், கொழும்பில் ஹோட்டலில் தட்டுக் கழுவினேன், சுரங்கப்பாதை வேலையில் கல் சுமந்தேன். எங்கேயும் யாரும் என்னிடம் நல்லதாக ஒன்று இருப்பதாகச் சொன்னதில்லை. அவர்தான் சொன்னார்.

"யோவ், ஒனக்கு வெண்கலக் குரலுய்யா. கரட் கழுவுற வாயா இது?"

அன்றிலிருந்து என் பெயர் வெண்கலம். என் சொந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் தலவாக்கலையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரைப் பார்த்தாலும் நான்கு கேள்வி. பேர் என்ன, தகப்பன் பேர் என்ன, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன். கேட்டுவிட்டு, பதிலை ஒருமுறை தானும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். பிறகு மறக்கவே மாட்டார். அதற்கு மேலே ஒரு பழக்கம். ஒரு வீட்டைப் பற்றிய சேதி எதுவானாலும், சாவோ, சடங்கோ, கல்யாணமோ, அந்த வீட்டுக்கே போவார். தோட்டத் தொழிலாளர் லயத்து வாசல் இஸ்தோப்பில் குந்துவார். கொடுக்கும் தேத்தண்ணியை, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடிப்பார். டவுன் முதலாளிமார் லயத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். தோட்டத்துச் சனங்களுக்கு அது நன்றாகத் தெரியும். கேட்டால் சொல்வார்:

"தேத்தண்ணி குடிக்காத வூட்டுச் சேதி நம்ம சேதி இல்லய்யா. அது காத்துவாக்குல வந்தது. காத்துலயே போகட்டும்."

இதை முதல் தடவை கேட்டபோது பெரிய மனுசன் பேச்சு என்று நினைத்தேன். பத்தாவது தடவை எரிச்சல் வந்தது.

தினசரிப் பத்திரிகை போட வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அவர் விழுந்தார். வங்கியில் கடன் வாங்கிப் பெரிய மெஷின் இறக்கினார். வாரத்தில் ஒரு நாள் பேப்பர் பார்ப்பவர்கள் ஏழு நாளும் எங்கே பார்க்கப்போகிறார்கள்? மெஷின் போயிற்று, கொட்டகைகள் போயின, வேன் போயிற்று, வீடும் போயிற்று. வங்கிக்காரர்கள் அச்சகத்தைப் பூட்டி மெழுகு முத்திரை வைத்த காலையில் நானும் அங்கே நின்றேன். எழுபதை நெருங்கிய மனிதர், வேட்டிக்கு மேலே கோட்டோடு, கையில் குடையோடு வெளியே வந்தார். கதவில் கடிதம் ஒட்டிய சிங்கள உத்தியோகத்தரைப் பார்த்து, "மாத்தயாகே நம மொகத்த?" என்று சிங்களத்திலேயே பெயர் கேட்டார். அந்த ஆள் பயந்துபோனான். ஆனால் பெயரைச் சொன்னான். தகப்பன் பெயர்? அதையும் சொன்னான். ஊர்? வலப்பனைப் பக்கம் என்றான். கடைசியில் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினான். பூட்டுப் போட வந்தவன்!

அங்கேதான் எனக்குப் பொறாமை பிடித்தது என்று நினைக்கிறேன். நான் என் கணக்கில் ஏழு தடவை ஒன்றுமில்லாமல் போயிருக்கிறேன். கட்டிய துணியோடு ரயிலேறியிருக்கிறேன். ஒரு தடவையாவது யாரும் "ஐயோ, விழுந்துட்டாரே" என்று சொன்னதில்லை. விழுவதற்கும் ஒரு உயரம் வேண்டியிருக்கிறது. அவர் விழுந்த கிழமை ஊரில் அடுப்பு எரியாத வீடுகள்கூட அவருக்குச் சோறு அனுப்பின.

அன்றைக்கு ஒலிபெருக்கிக் கூம்புகள் இரண்டும் பழுது பார்க்க என் அறையில் இருந்தன. திருப்பிக் கொண்டுபோனேன். "நீயே வச்சுக்கய்யா வெண்கலம். பேசிப் பொழச்சுக்க" என்றார். இப்படியாக என் தொழிலுக்கு முதலும் அவர் போட்ட பிச்சையாகிவிட்டது.

ஒரு முச்சக்கர வண்டியை வாடகைக்குப் பிடித்து, கூம்புகளைக் கட்டி, துணிக்கடை மலிவு விற்பனை, கோயில் திருவிழா, துக்க அறிவித்தல் என்று ஒரு வருடம் நன்றாகவே ஓட்டினேன். என் வாழ்க்கையில் என்னை ஆட்கள் தேடி வந்த ஒரே வருடம் அது. கடைக்காரர்கள் நாற்காலி போட்டார்கள். தலவாக்கலையில் யார் செத்தாலும் என் வாயால்தான் சாக வேண்டியிருந்தது. அந்த இடத்தை விட்டுவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இல்லை.

அவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? பழைய பேப்பர் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் மடுவங்களுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்கும் நேரத்தில் போய் நின்று, உலகத்துச் சேதி நாலு, தோட்டத்துச் சேதி நாலு என்று வாயாலேயே வாசிப்பார். தோட்டத்துச் சேதி அந்தப் பேப்பரில் இருக்காது. அவர் நடந்து வந்த வழியில் குடித்த தேத்தண்ணிகளில் இருக்கும். குரல் ஓட்டைத் தகரம். நடுவில் இருமல் வேறு. ஆனால் தராசுக்காரர் "அடுத்த ஆள்" என்று கூப்பிட்டாலும் பெண்கள் நகர மாட்டார்கள்.

பிறகு யாரோ அவருக்கு ஒரு கேசட் ரெக்கார்டர் கொடுத்தார்கள். எனக்கு யாராவது அப்படி எதையாவது கொடுத்திருக்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்வார். ரேடியோ திருத்தும் கடையில் நகல் எடுத்து, பஸ் கண்டக்டர்மார் கையில் கொடுத்து, தோட்டத்துக் கடைகளுக்கு அனுப்புவார். ஒரு பக்கம் பிறந்தவர், வயசுக்கு வந்தவர், கட்டியவர், செத்தவர். மறு பக்கம் சனங்களின் சொந்தக் குரல். கேசட் பேப்பர் என்று சொன்னார்கள். முதலில் சிரித்தேன். பிறகு சாவு வீட்டுக்காரர்கள் என்னிடம் வருவது குறைந்தது. கேசட் கிழமைக்கு ஒன்றுதான் வரும். அதற்குள் பிணம் குழிக்குப் போய்விடும். "பரவால்லங்க. ஐயா நேர்ல வந்து கேட்டுட்டுப் போனாங்க" என்பார்கள். அவரைவிட எனக்குக் குரல் நன்றாக இருந்தது, உச்சரிப்பு நன்றாக இருந்தது, வேகமும் இருந்தது. ஆனாலும் அந்த இருமலைத்தான் ஊர் கேட்டது.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன். சண்டைக் காலம். ஒரு முறை இருவரும் ஒரே பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனோம். வழியில் சோதனைச் சாவடி. ஆமிக்காரப் பையன் ஒருவன் அவர் பெயரைக் கேட்டான். சொல்லிவிட்டு அவனுடைய பெயரை இவர் கேட்டார். தகப்பன் பெயர், ஊர், அந்த ஊரில் மழை எப்படி. அவன் சிரித்துவிட்டு வழி விட்டான். அதே கேள்விக்கு நானும் என் பெயரைச் சொன்னேன். என்னிடம் அடையாள அட்டை இல்லை. ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டார்கள். பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. அடுத்த வளைவில் இறங்கித் திரும்பி நடந்து வந்தார். மதகின் மேலே உட்கார்ந்து, பொழுது சாயும்வரை என் தலைக்கும் சேர்த்துக் குடை பிடித்தார். அவரை முழுதாக வெறுக்க அவர் எனக்கு ஒரு வசதியும் செய்து தரவில்லை.

இனி முத்தாயி கதை.

லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டம். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு. ஒரு காலை பஸ் நிலையத்தில் ஒருவன் வந்து, அந்தத் தோட்டத்து முத்தாயி தவறிவிட்டதாகச் சொன்னான். கீழ் டிவிஷனில் ஒரு முத்தாயி இருப்பது எனக்குத் தெரியும், நல்ல வாய்க்காரி. வீட்டுக்குப் போய் விசாரித்திருக்கலாம். ஆனால் லயத்துக்கு ஏறி இறங்குவதற்குள் அவர் முந்திவிடுவார் என்று பயந்தேன். கூம்பைத் திருப்பிவிட்டு, கீழ் டிவிஷன் ரோட்டிலேயே வெண்கலமாக முழங்கினேன். கீழ்ப் பிரிவைச் சேர்ந்த முத்தாயி அவர்கள் இன்று காலை காலமானார்.

செத்தது மேல் டிவிஷன் முத்தாயி.

டிவிஷனில் ஒரு சாவு என்றால் அன்றைக்கு மலையில் யாரும் கொழுந்து எடுக்க மாட்டார்கள். அது எழுதாத சட்டம். என் குரல் கேட்டதும் கீழ் டிவிஷன் பெண்கள் கூடையைக் கவிழ்த்து, கொழுந்தை ரோட்டிலேயே கொட்டிவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினார்கள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கத்திப் பார்த்தார். யாரும் நிற்கவில்லை. முத்தாயிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், அதனால் அவள் அன்றைக்கு வேலைக்கு வராததும் தோதாகப் போயிற்று. தப்படிக்கிறவர் தப்பைக் காய்ச்ச நெருப்பு மூட்டிவிட்டார்.

பிறகு நடந்ததை முத்தாயியே கேசட்டில் சொன்னாள். அதை நான் எத்தனை கடையில், எத்தனை பஸ்ஸில் கேட்டேன் என்பதற்கு அளவில்லை. இன்றைக்கும் வரி பிசகாமல் சொல்ல முடியும்.

"நான் காம்பராவுல ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கேன். வெளிய ஒரே ஒப்பாரி. மனசு கேக்குமா? ரொட்டிய அப்படியே கல்லுல போட்டுட்டு ஓடியாந்து, மாருல அடிச்சுக்கிட்டு நானும் சேந்து அழுவுறேன். நல்லா அழுதுட்டுத்தான் பக்கத்துல கேட்டேன், யாருடி போனதுன்னு. 'நீதான்டி பாவி'ங்கிறா! அதுல பாருங்க ஐயா, தண்ணிப் பீலிச் சண்டையில ரெண்டு வருசமா என்கூட முகம் குடுத்துப் பேசாதவ, அவதான் எல்லாரையும்விட ஒசத்தியா அழுதிருக்கா. 'தங்கமே, பவுனே'ன்னு. ஏன்டி, உசிரோட இருக்கறப்ப ஒரு கொடம் தண்ணி புடிக்க விட்டியாடின்னு கேட்டேன். அந்தத் தகரக்கூம்புக்காரன் மட்டும் என் கையில சிக்கட்டும். அவன் வாயில கல்லுப்பப் போட்டுத் தைக்கிறேன்."

அன்றைக்கு அந்த டிவிஷன் முழுக்க அரை நாள் கூலி போயிற்று. ஆட்கள் என் வண்டியைத் தேடி வந்தார்கள். கூம்பு ஒன்று கல்லடி பட்டு நசுங்கியது. வண்டிக்காரன் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டான்.

அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை முத்தாயி வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்து, அவளைப் பேசவிட்டுப் பதிவு செய்திருந்தார். ஆனால் கேசட்டை வெளியே விடவில்லை. நேராக என் அறைக்கு வந்தார். வாசலிலேயே குந்தினார்.

"தேத்தண்ணி ஊத்துய்யா."

தேயிலைத் தூள் இல்லை. சீனியும் இல்லை. அதைச் சொன்னேன்.

"சுடுதண்ணி இருக்குல்ல?"

சுடுதண்ணீர் கொடுத்தேன். அதைத் தேத்தண்ணிபோல ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்து, கோப்பையை வைத்துவிட்டு, ரெக்கார்டரில் முத்தாயியை முழுதாகப் போட்டுக் காட்டினார். அவர் சிரிக்கவில்லை.

"இது ஒன்னப் பத்தின சேதியும்தான். போடவா, வேணாமா? நீ வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன்."

யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழித்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வெறும் சுடுதண்ணீரைக் குடித்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவனிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? அவர் எதையும் கேட்காமல் எடுத்ததில்லை. ஆனால் அவர் கேட்கிற விதத்துக்கு யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. அது நல்ல குணமா, பெரிய தந்திரமா? இத்தனை வருடம் நடந்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

"போடுங்க" என்றேன்.

அந்தக் கேசட்தான் அவரைத் தூக்கி நிறுத்தியது. ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை ஓடின பஸ்களில் சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு முத்தாயியைப் போட்டார்கள். கடைக்காரர்கள் விளம்பரத்தோடு அவரைத் தேடி வந்தார்கள். அடுத்த கிழமை கேசட் எப்போது வரும் என்று தோட்டங்களில் கேட்க ஆரம்பித்தார்கள். நான் தலவாக்கலையை விட்டுப் போனேன். பிறகு கேசட் போய் சி.டி. வந்தது. சண்டை சற்று நின்ற காலத்தில் அவர் கேசட்டிலேயே ஒரு வார்த்தை சொன்னார், பழையபடி பேப்பர் போடலாமா என்று. அங்கேயும் கேள்விதான். யார் இல்லை என்பார்கள்? வங்கி மெழுகு வைத்த அதே கட்டடத்தை அவர் திரும்பப் பிடித்தார். அதன் திறப்பு விழாவுக்குத்தான் நான் போயிருந்தேன். ஏன் போனேன் என்றால், கூட்டம் வராமல் இருக்குமா என்று பார்க்க.

கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். சர்க்கரை வியாதி ஒரு பாதத்தைப் பாதி தின்றிருந்தது. மாலை போட வந்தவர்களின் இடுக்கு வழியாக என்னைப் பார்த்துவிட்டார்.

"வெண்கலம்! வாய்யா. எங்கய்யா போயிட்ட இத்தன வருசமா?"

மேடையில் வாசிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இன்னும் என் குரல் கெடவில்லை. நான் தினமும் நடக்கும்போது பேசிப் பார்ப்பதுண்டு.

அவர் என் கையைப் பிடித்து, குனியச் சொல்லி, காதில் சொன்னார்:

"ஒன் குரலு வேணாம்யா. காலு வேணும். என்னால இனி லயம் ஏற முடியாது. இங்க இருக்கற பயலுக எல்லாம் போன்லயே சேதி கேக்குறானுக. மொதப் பேப்பருல மொதச் சேதி, முத்தாயி மகளுக்கு டீச்சர் வேல கெடச்சது. நாளைக்குக் காலையில அங்க போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வர ஆளு வேணும். போறியா?"

நான் கையை உருவிக்கொண்டு நடந்துவிட்டேன்.

ஹட்டன் பக்கம் போகாமல் ஏன் லிந்துலைப் பாதையில் ஏறினேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. நடக்க நடக்க அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்களைத் தயார் செய்தேன். நல்ல பதில்கள். உன் தகரக் குரலுக்கு என் வெண்கலம் கூலியா என்று ஒன்று. விழுந்த உன்னைத் தூக்கிய ஏணி நான்தான், ஏணிக்கு யார் மாலை போட்டார்கள் என்று ஒன்று. லிந்துலையில் தேநீர்க் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, "யாரு, முத்தாயியச் சாகடிச்ச ஆளா? உக்காருங்க, உக்காருங்க" என்று தின்ன ஒரு பணிஸ் கொடுத்தார். அந்த ராத்திரி அந்தக் கடைக்குப் பின்னால் சாக்கு விரித்துப் படுத்தேன்.

விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்கு ஆட்கள் போகிற நேரத்தில் கீழ் டிவிஷனுக்கு ஏறினேன். சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு வேறு வேலை இல்லை.

முத்தாயி இஸ்தோப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மலை வேலையை விட்டுவிட்டாள் போலிருந்தது. தலை நரைத்திருந்தது, வாய் நரைக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடப்பாவி, நீயா? என்ன, நான் இன்னும் உசிரோட இருக்கேனான்னு பாக்க வந்தியா?"

"பேப்பருக்காக வந்தேங்க. ஒங்க மக விசயமா."

"பேப்பர் ஐயா வரலியா?" அவள் எனக்குப் பின்னால், பாதை வளைவு வரை எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நாற்பது வருடம் மலையேறினாலும் யாரும் என்னை அப்படித் தேடிப் பார்க்கப்போவதில்லை.

"அவருக்குக் கால் சரியில்லங்க. நடக்க முடியாது."

"அப்ப நீதான் அவரு காலா?"

லயத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். தண்ணீர்ப் பீலியில் நின்ற ஒருத்தி குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆமாங்க" என்றேன்.

அவள் சுளகை வைத்துவிட்டு உள்ளே போனாள். வெகு நேரம் கழித்து ஒரு கோப்பையோடு வந்தாள். என் கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் சீனியைக் கொட்டினாள். சூடு நாக்கைப் பொசுக்கியது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, மகளின் பெயரைக் கேட்டேன். பிறகு தகப்பன் பெயரை.